தக்கை அமுங்கும் நேரம்

பங்குனி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஏரிக்கரையில் வெளிச்சம் இன்னும் சரியாக விழவில்லை. தென்மேற்கே அண்ணாமலை கறுப்பாக நிற்கிறது. வேலூர் சாலையில் பேருந்து ஹாரன் கேட்கத் தொடங்கிவிட்டது. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரின் தூண்டிலில் கடையில் வாங்கியது என்றால் முள்ளும் நரம்பும்தான். கழி, வேலியோரத்து மூங்கில். தக்கை, பிய்ந்துபோன ஹவாய் செருப்பிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டிய துண்டு. முள்ளில் மைதா உருண்டை.

எதிரே தண்ணீர் கொதிப்பது போல இருக்கிறது. நூற்றுக்கணக்கான மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. கையை விட்டு அள்ளிவிடலாம் போலிருக்கிறது. தக்கை மட்டும் ஆடாமல் அசையாமல் கிடக்கிறது.

"இவ்வளவு மீன் கண்ணெதிர்ல நிக்குது, ஒண்ணுகூடத் தொட மாட்டேங்குதே பெரியவரே?"

"அது தின்ன வரல தம்பி. மூச்சு முட்டி மேல வந்துக்கீது. வெயில் ஏறட்டும், எட்டு மணிக்கு மேல பாரு."

நீரியல் படித்தவர்கள் கருவியை இறக்கிக் கண்டுபிடிப்பதை அவர் தக்கையைப் பார்த்தே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் ஓர் ஏரியின் ஆண்டுக் கணக்கு முழுவதும் உள்ளே இருக்கிறது.

நாம் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். 20 டிகிரியில் ஒன்பது. சூடு ஏற ஏறத் தண்ணீரின் கொள்ளளவு குறைகிறது. அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்து அதிக ஆக்சிஜன் கேட்கிறது. பத்து டிகிரி ஏறினால் தேவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம் எப்படித் தவிக்குமோ அப்படித்தான் கோடைக்கால மீன்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். ஏரித் தண்ணீர் பச்சையாக இருக்கக் காரணமான நுண்பாசிகள் பகல் முழுக்க ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. ஊரை ஒட்டிய ஏரிகளில் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கலந்து பாசிக்கு விருந்து வைப்பதால், பிற்பகல் மூன்று மணிக்கு லிட்டருக்கு 12, 15 மில்லிகிராம் வரைகூடப் போகும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி ஆக்சிஜனைத் திரும்ப இழுக்க ஆரம்பிக்கிறது. மீனும் இழுக்கிறது, அடிச்சேற்றில் மக்கும் குப்பையும் இழுக்கிறது. ஆக, ஆக்சிஜன் கணக்கு ஆகக் கீழே விழும் நேரம் விடிவதற்குச் சற்று முன். அளவு இரண்டு, மூன்று மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கெண்டை வகைகளுக்குத் திணறல் வந்துவிடும். அப்போது காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரின் மேல்தோல் ஒன்றில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம். மீன்கள் வாய் பிளந்து உறிஞ்சுவது அந்த மேல்தோலைத்தான். மூச்சுக்கே வழியில்லாதபோது தீனி செரிக்க ஆக்சிஜன் ஏது? மைதா உருண்டை கண்ணெதிரே தொங்கினாலும் தொடாது.

வெளிநாட்டுத் தூண்டில் புத்தகங்களைப் படித்துவிட்டு நம் ஏரிக்கு வருகிறவர்கள் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான். குளிர்நாட்டு ஏரிகளில் கோடையில் மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீரும் இரண்டு அடுக்காகி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இலையுதிர் காலத்தில் ஒருமுறை புரளும். தண்ணீர் 4 டிகிரியில் ஆக அடர்த்தியாக இருப்பது அதற்குக் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ஒரு கன மீட்டர் தண்ணீரை 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே கன அளவின் எடையில் குறைவது வெறும் 8 கிராம். 29 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் குறைவது கிட்டத்தட்ட 300 கிராம். அதே ஒரு டிகிரிதான். விளைவு முப்பது மடங்குக்கும் மேல். அதனால் நம் ஊர் வெயிலில் காலை பத்து மணிக்கே மேல்தண்ணீர் எண்ணெய் போலக் கீழ்த்தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆளுயரத் தண்ணீர் உள்ள ஏரியில் ராத்திரிக் காற்றும் குளிர்ச்சியும் அதைக் கலைத்துவிடும். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது இங்கே தினம் நடக்கிறது. ஆழமான அணையில் அப்படி எளிதாகக் கலையாது. அது வேறு கதை, தை மாதத்தில் பார்ப்போம்.

வைகாசி, ஆனியில் ஏரி உள்வாங்குகிறது. கரையோரம் முதலில் சேறு, பிறகு பாளம் பாளமாக வெடிப்பு, பிறகு புல். மாடும் ஆடும் உள்ளே இறங்கி மேயும். நடுவே குட்டையாக மிஞ்சும் தண்ணீரில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடும். மீன்பாசி குத்தகை எடுத்தவர் கடைசி வலையை இழுக்கும் காலம் இது. வலை இறக்கினால்தான் குத்தகைக்காரருக்குக் கோபம் வரும். ஒற்றை முள்ளோடு உட்கார்ந்திருப்பவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தூண்டில்காரர்களும் இந்தக் குட்டையைப் பெரிதாக மதிப்பதில்லை. இவ்வளவு நெருக்கத்தில் மீன் பிடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

கடைசி வலைக்கும் தப்பும் மீன் ஒன்று உண்டு: விரால். அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும் ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அந்த அறையில் அடைத்துக்கொள்ளும். மேலே வர முடியாமல் வலையில் மாட்டிக்கொண்டால் நல்ல தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பது வேடிக்கையான உண்மை. மீன் முழுகிச் சாவது என்றால் இதுதான். தண்ணீர் வற்றினால் ஈரச்சேற்றுக்குள் புதைந்து உடம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். கெளுத்தி, தேளி, ஆரால் ஆகியவையும் சேற்றை நம்பிப் பிழைக்கும். பாவம் கட்லாவும் ரோகும். செவுளைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

ஏரி காய்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறோம். சேற்றின் கோணத்தில் பார்த்தால் அது வேறு விதமாகத் தெரியும். மாதக்கணக்கில் காற்றே படாமல் கிடந்த கறுப்புச் சேறு வெடித்துக் காற்றை உள்ளே விடுகிறது. அதுவரை அரைகுறையாக மக்கிக் கிடந்தது எல்லாம் வேகமாக மக்கித் தாவரம் எடுத்துக்கொள்ளும் சத்தாகிறது. மேலே புல் முளைக்கிறது, மாடு சாணி போடுகிறது. புதுத்தண்ணீர் வந்து இவை எல்லாவற்றையும் மூழ்கடிக்கும்போது நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னும் மீன்குஞ்சு கொழுக்கும். ஜங்க், பேலி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமேசான் போன்ற பெரிய ஆறுகளை வைத்து 1989ல் இதை வெள்ளத் துடிப்புக் கருத்தாக்கம் என்று எழுதினார்கள். நீர் ஏறி இறங்கும் துடிப்புதான் அந்த இடத்தின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது, எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் நீர் அந்த அளவுக்கு விளையாது என்பது அவர்கள் வாதம். கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்த நம் விவசாயிக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை. தூண்டில்காரர்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது இந்த மழையைத்தான். மீன்கள் செத்து ஒதுங்குவதும் இதே மழையில்தான். நான்கு நாள் வெயில், அடுத்த நாள் மந்தாரம், ராத்திரி கொட்டும் மழை. குளிர்ந்த மழைத் தண்ணீர் கனமாக இருப்பதால் நேராக அடிக்குப் போய், அங்கே கிடந்த ஆக்சிஜன் இல்லாத, அழுகிய முட்டை நாற்றமுள்ள தண்ணீரை மேலே தள்ளுகிறது. தெருக்குப்பையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழைத் தண்ணீர் கூடவே சேரும். மந்தாரத்தில் பாசியும் வேலை செய்யாது. விடிந்தால் வெள்ளை வயிறுகள் கரையோரம் மிதக்கும். உடனே யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வெயிலுக்குப் பின் முதல் மழை, விடியற்காலையில் சாவு, பெரிய மீன்கள் முதலில், விராலும் தேளியும் மட்டும் பிழைத்திருப்பது: இந்த நான்கும் சேர்ந்தால் காரணம் மூச்சுத்திணறல்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஐப்பசி பிறந்தால்தான் இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு உண்மையான புத்தாண்டு. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மலைச்சரிவிலிருந்து ஓடைகள் செந்நிறத் தண்ணீரை இறக்கும். ஏரி நிரம்பிக் கடைக்கோடி வழியாக வழியத் தொடங்கியதும் ஊரே சொல்லும், "ஏரி கோடி போவுது." சிறுவர்கள் கொசுவலையோடும் பழைய சேலையோடும் கோடிக்கு ஓடுவார்கள். மேலிருந்து அடித்துக்கொண்டு வரும் மீன்களைப் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள் என்று சின்ன வயதில் நானும் நினைத்திருந்தேன். கூர்ந்து பார்த்தால், கீழே ஓடையிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து மேலே துள்ளுகிற மீன்கள்தான் அதிகம். விரல் நீளக் கெண்டைகள், வயிறு முட்டையால் உப்பியவை. சிமென்ட் சரிவில் இரண்டு விரல் தண்ணீர்தான் ஓடும். அதில் பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்து ஒரு முழம் ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும். புதுத்தண்ணீரின் குளிர்ச்சி, கலங்கல், மண்வாசனை, ஓட்டம் எல்லாம் சேர்ந்து முட்டையிடும் நேரம் வந்துவிட்டது என்று அவற்றின் உடம்புக்குச் சொல்கின்றன. காய்ந்த ஏரிக்கு மீன் திரும்பி வரும் பெரிய வழி இதுதான்: கீழேயிருந்து ஏறுவது.

ஈரம் இருந்தால் போதும், தண்ணீரே இல்லாமல் தரையில் நகரும் மீனும் உண்டு. தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலத்தில், 1791ல், டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட் அங்கே ஒரு பனைமரத்தில் தரையிலிருந்து சில அடி உயரத்தில் ஒரு மீனைக் கண்டதாக எழுதினார். அது 1797ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஐரோப்பியர்கள் நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நூறு ஆண்டுக்கு மேல் அதைப் பற்றி வாதாடினார்கள். செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் தவழ்ந்து போகும் அந்த மீனை நாம் பனையேறிக் கெண்டை என்றே கூப்பிட்டு வந்திருக்கிறோம். மரம் ஏறுவதற்கு அதற்கு என்ன அவசியம் என்று நானும் கேட்பேன். பறவை கவ்விப்போய் மரத்தில் விட்டிருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு.

மீன்முட்டை மண்ணில் கிடந்து மழை பெய்ததும் பொரிக்கும் என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்கு அது சரி. அவற்றின் உறங்குமுட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் கெண்டைகளின் முட்டைக்கு அந்தச் சக்தி கிடையாது. காய்ந்தால் போச்சு. பறவை கொண்டுவந்து போடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அதைப் பல காலம் கட்டுக்கதை என்று ஒதுக்கியிருந்தார்கள். ஹங்கேரியில் வாத்துகளுக்குக் கெண்டை முட்டைகளை ஊட்டிச் சோதித்த ஆய்வு 2020ல் வெளியானது. விழுங்கிய முட்டைகளில் 0.2 விழுக்காடு எச்சத்தில் முழுதாக வெளியே வந்தன. சில பொரிக்கவும் செய்தன. ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டை இடுகிறது, ஆயிரக்கணக்கில் வாத்துகள் பறக்கின்றன. பாட்டி சொன்னது முழுப் பொய் இல்லை.

கார்த்திகையில் மீனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கண்ணெல்லாம் தீபம் ஏற்றும் 2,668 அடி உயரத்து அண்ணாமலை உச்சியில்தான். 2024ல் தீபத்துக்குச் சில நாள் முன்பு அந்த மலையே பயமுறுத்தியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றுவிட்டது. மறுநாள் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்பில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அன்று விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வகுத்துப் பாருங்கள்: அந்த வேகத்தில் நிரம்பிய அணை பன்னிரண்டு மணி நேரத்தில் காலி. விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கியதில் ஆச்சரியம் இல்லை.

திருவண்ணாமலையிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958ல் கட்டி முடிந்தது சாத்தனூர் அணை. முழு நீர்மட்டம் 119 அடி. காணும் பொங்கலன்று எங்கள் ஊர்க் குடும்பங்களில் பாதி அங்கேதான் இருக்கும். பூங்கா, முதலைப் பண்ணை, பிறகு வாசனை பிடித்துக்கொண்டே போய் நிற்கும் இடம் மீன் வறுவல் கடை. தட்டில் கிடப்பது பெரும்பாலும் ஜிலேபி அல்லது கட்லா. இரண்டுமே தென்பெண்ணை ஆற்றுக்கு வந்தேறிகள்.

கட்லா கங்கைச் சமவெளியின் மீன். மேல்நோக்கித் திறக்கும் பெரிய வாயால் தண்ணீரின் மேல்பகுதியில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். அதனால்தான் புழுவுக்கு அது மசிவதில்லை. குளத்தில் எவ்வளவு கொழுத்தாலும் முட்டையிடாது. வெள்ளமாக ஓடும் ஆறு வேண்டும். ஓட்டம் கிடைக்காவிட்டால் முற்றிய முட்டைகளை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காலத்தில் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு பொறுக்கி ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் குளத்து மீன்களை முட்டையிட வைத்தார். ஆற்று வெள்ளம் உடம்புக்குள் கிளப்பிவிடும் அதே சுரப்பை ஊசி கொடுத்தது. அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அணை மீனின் விலை நம் கைக்கு எட்டும்படி இருப்பதற்கு அந்த ஊசி ஒரு பெரிய காரணம்.

ஆழம் இங்கே மீனின் வீட்டைச் சுருக்குகிறது. வெயில் காலத்தில் அணையின் அடித்தண்ணீர் மேலே புரண்டு வர வழியில்லாமல் ஆக்சிஜன் தீர்ந்து கிடக்கும். அவ்வளவு தண்ணீர் இருந்தும் மீன் வாழும் இடம் மேலடுக்குதான். பரிசல்காரர்கள் தங்கூசி வலையை மேல்மட்டத்தில் கட்டுவது அதனால்தான். பொழுது சாயும்போது விரித்து விடியும்போது எடுப்பார்கள். பகல் வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்து ஒதுங்கிவிடும். தையில் ராத்திரிக் குளிர் மேல்தண்ணீரைக் கனமாக்கி இறக்கும்போது அடுக்கு கலைந்து அணை முழுவதும் மூச்சு விடுகிறது. மீனும் ஆழத்துக்கு இறங்கிவிடும். "பனிக்காலத்துல மீன் படுத்துக்கும்" என்கிறார்கள். கொஞ்சம் உண்மை, குளிரில் பசி குறைவு. கொஞ்சம், நம் தூண்டில் நரம்பு அவ்வளவு நீளம் இல்லை.

கரையில் உட்கார்ந்து குழந்தைகளை "பேசாதே, மீன் ஓடிடும்" என்று அதட்டுகிறவர்களுக்காக ஒரு செய்தி. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒலி, இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சொற்பம். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே போகும், மிச்சம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தாராளமாகப் பேசலாம். கரையில் தொம் தொம்மென்று நடக்கத்தான் கூடாது. மண் வழியே போகும் அதிர்வு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்ன எலும்புச் சங்கிலி இருக்கிறது. காற்றுப்பை முரசு மாதிரி அதிர்ந்து காதுக்குச் சொல்லிவிடும். நிற்கவும் கூடாது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 டிகிரி வட்டத்துக்குள் அடங்கிவிடும். நிற்கும் ஆள் அந்த வட்டத்தில் தெளிவாகத் தெரிவான். குத்துக்காலிட்டவன் வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் காணாமல் போவான். பெரியவர் ஏன் ஒருநாளும் நாற்காலி கொண்டுவந்ததில்லை என்று இப்போது புரிகிறது.

பங்குனிக் காலைக்கே திரும்புவோம். ஏழே முக்கால். வெயில் தண்ணீரில் சரிவாக விழுந்து நெடுநேரமாகிவிட்டது. பாசி வேலைக்கு வந்தாயிற்று. வாய் பிளந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. தண்ணீர் சமமாகக் கிடக்கிறது. எட்டுக்குச் சற்று மேலே செருப்புத் துண்டு இரண்டு தரம் நடுங்கியது, சாய்ந்தது, சட்டென்று அமுங்கியது.

உள்ளங்கை அளவு ஜிலேபி. ஆண். உடம்பு கரிக்கட்டை போல, கீழ்த்தாடை மட்டும் வெள்ளை, துடுப்பு ஓரத்தில் சிவப்புக் கோடு: கூடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். சேற்றில் தட்டு போலப் பள்ளம் பறித்து, பெண் வந்து முட்டையிட்டு அவற்றைத் தன் வாயிலேயே அடைகாக்க எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே காவல் நிற்கும். பள்ளத்துக்கு மேலே வந்து தொங்கிய மைதா உருண்டையை அது தின்ன வந்ததா, விரட்ட வந்ததா?

பெரியவர் முள்ளைக் கழற்றி அதை வாளியில் போட்டார். "இதே எடத்துல இன்னொண்ணு வரும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த உருண்டையை உருட்ட ஆரம்பித்தார்.